சபீனாவின் டெஸ்டிங் அரிசி

ஆளில்லாத மணமேடையை நோக்கி சபீனா அட்சதை போடுகிறார். ஒரு பிடி போட்டதும் மூலையில் இருக்கும் மடிக்கணினியிடம் ஓடி, திரையை உற்றுப் பார்த்து, உதட்டைப் பிதுக்குகிறார். எதையோ தட்டிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு பிடி. ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில், காபி இன்னும் வராத காலை ஆறு மணிக்கு, எனக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

கல்யாணங்களை இணையத்தில் நேரலையாக அனுப்புவது அவர் தொழில். ஊர் பாலக்கரை, வயது நாற்பதைத் தொடும். மஞ்சள் அரிசியை வீட்டிலிருந்தே பழைய பல்பொடி டப்பாவில் கொண்டுவந்துவிடுகிறார். “அட்சதைத் தட்டுல போயி நான் கை வைக்கலாமாங்க? இது டெஸ்டிங் அரிசி, தனி” என்றார்.

நொடிக்கு எவ்வளவு படத் தகவல் அனுப்புவது என்பதற்கு பிட் ரேட் என்று பெயர். கூட்டினால் படம் தெளிவு. ஆனால் மண்டபத்து இணையம் தாங்காமல் நின்று நின்று ஓடும். குறைத்தால் தடையில்லாமல் ஓடும், முகம்தான் மங்கும். அசையாத படத்துக்குக் கொஞ்சம் போதும் என்பதால், புரோகிதர் மந்திரம் சொல்லும் நேரமெல்லாம் சபீனாவுக்கு நிம்மதி. வம்பு கெட்டிமேளத்தில்தான். முந்நூறு பேர் வீசும் அரிசியில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக அசைய, படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதே நொடியில் அத்தனை செல்போனும் படம் பிடித்து அனுப்பத் தொடங்க, இணையமும் படுத்துவிடும்.

உறையூர்க் கல்யாணம் ஒன்றில் அப்படித்தான் ஆயிற்றாம். “மஸ்கட்ல பொண்ணோட அக்கா பாத்துக்கிட்டிருந்தாங்க. தாலி கட்டுற நேரத்துல வெறும் மஞ்சக் கட்டந்தான் தெரிஞ்சிருக்கு. போன்ல ஒரே அழுகை. இன்னொரு தடவ கட்டச் சொல்ல முடியுமாங்க?” அன்றிலிருந்து இந்த டப்பா.

இன்று பார்க்க வேண்டியவர் மணப்பெண் மணிமேகலையின் அப்பா ரங்கநாதன். வாழைத்தோப்பில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, தொட்டியத்தில் படுத்திருக்கிறார். ஒரே மகள். சபீனா காலையிலிருந்து மூன்று முறை அவருக்குப் போன் போட்டு, “தெரியுதாங்கய்யா?” என்று கேட்டாயிற்று.

பெண்ணின் மாமன் மகன் முரளிதரன் மிடுக்காக வந்து நின்றார். “ஃபுல் எச்டி போட்டுடுங்க. பின்னாடி ஓடுற சீரியல் லைட்டும் நல்லா விழணும்.”

“அந்த லைட்ட மொதல்ல அணைங்க தம்பி. ஓடிக்கிட்டே இருக்குல்ல, பாதிய அதுவே தின்னுடுது.”

“டெக்கரேஷன் தெரியலன்னா எப்படிங்க?”

“உங்க மாமா டெக்கரேஷன் பாக்கவா போனக் கையில வச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு?”

விளக்கு அணைந்தது. சபீனா படத்தின் அளவையும் ஒரு படி இறக்கினார். முரளிதரனின் முகமும் இறங்கியது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்த விளக்கு என் கண்ணையும் படுத்திக்கொண்டிருந்தது.

முகூர்த்தம் நெருங்கியது. சபீனாவுக்கு மேடையை எட்டிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, மந்திரம் மாறுவதைக் கேட்கக் காது போதும். “மாங்கல்யத் தட்டு சுத்தி வருது. இன்னும் நாலு நிமிஷம்” என்றார். அப்படியே ஆயிற்று. காதில் மாட்டியிருந்த ஹெட்செட் மைக்கில் கேமராக்காரரைக் கூப்பிட்டார். “மார்ட்டின், கிட்டக்க போங்க. விழுற அரிசி வேணாம், கட்டுற கை வேணும்.”

தவில் அதிர்ந்தது. மண்டபமே எழுந்து அரிசியை வீசியது. நான் வீசியது முன்வரிசை வழுக்கை ஒன்றில் விழுந்தது. திரையில் மணிமேகலையின் குனிந்த கழுத்து, முடிச்சிடும் விரல்கள், ஒன்றிரண்டு மஞ்சள் மணிகள். ஓரத்தில் கொஞ்சம் மங்கல். ஆனால் உடையவில்லை. சபீனாவின் இரண்டு கைகளும் கணினியை விட்டு நகரவில்லை.

சற்று நேரத்தில் அவருடைய போன் அடித்தது. தொட்டியத்திலிருந்து ரங்கநாதன். எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாகப் பேசினார்.

“அம்மா, மூணு முடிச்சையும் எண்ணிட்டேம்மா.”

அதற்குள் மேடையில் எல்லோரும் அட்சதை போட்டு முடித்து, பந்தியில் இடம் பிடிக்கக் கிளம்பியிருந்தார்கள். சபீனா டப்பாவைத் திறந்தார். அடியில் மிச்சமிருந்த டெஸ்டிங் அரிசியை விரலால் வழித்தெடுத்து, மூலையில் நின்றபடியே மேடையை நோக்கிப் போட்டார். இந்த முறை திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.