வாய்விட்டுச் சொல்ல முடியாத கட்டளை

போர் நடந்த காலத்தில் கண்டியில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர் புசல்லாவை, தங்கியது குண்டசாலையில். வகுப்பிலிருந்த பத்துக் கணினிகளும் மூலையிலிருந்த ஒரு பெரிய கணினியை நம்பித்தான் ஓடின. அதைத் தொட இரண்டு பேருக்குத்தான் உரிமை. ஒருவர், என்னோடு படிப்பித்த யாழ்ப்பாணத்து அண்ணர். மற்றது நான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கொழும்பு போயிருந்தார். "பெரிய மெசினின்ர அப்டேட்டை நான் வந்து செய்யிறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கும் தெரியும் என்று காட்ட ஆசை. நானே சீடியைப் போட்டுத் தொடங்கிவிட்டேன். மாலையில் திரையில் ஓட்டம் நின்றது. முடிந்துவிட்டது என்று எண்ணி பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாள் பத்து மணிக்குச் செய்முறைப் பரீட்சை. ஒன்பதுக்கு வந்து, கோப்புகளைக் காட்டும் கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கணினி. நகலெடுக்கும் கட்டளையும் இல்லை. இன்றைய தேதியைக் கேட்டேன். அதற்கும் அதே பதில். பிள்ளைகள் படிக்கட்டில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணரின் கைப்பேசிக்கு அழைத்தேன்.

"ஓம், சொல்லுங்கோ. கண்டிக்கு வாற வழியில பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கிப்போட்டாங்கள். செக்பொயின்ற் வரிசையில நிக்கிறன்."

"அண்ணே, ஒரு கட்டளையும் இல்லைங்குது. எல்லாம் அழிஞ்சிருச்சு போல."

"அப்டேட் செய்தனீங்களோ?"

"...ஆமாண்ணே."

"சரி. ஒண்டும் அழியேல்ல. அதுகளை எந்த ஃபோல்டரில தேடுறதெண்டு மெசினுக்குத் தெரியேல்ல. ஃபோல்டரின்ர பேரையும் சேர்த்து முழுசா அடியுங்கோ."

அடித்தேன். திரை நிறையக் கோப்புகள் வந்து விழுந்தன. "வந்திருச்சுண்ணே!" என்று கத்திவிட்டேன்.

அதே மாதிரி அடித்து, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். நேற்றைய அப்டேட் பாதியில் சிக்கி இன்னும் கிடந்தது. கட்டளைகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பழைய கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, புதியதை எழுதாமலே நின்றிருந்தது.

"முதல்ல அதை நிப்பாட்டுங்கோ. பிறகு பழைய கோப்பைத் திருப்பி வையுங்கோ."

"எந்தக் கட்டளையால நிப்பாட்டுறது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆங்கிலத்தில நாலு எழுத்து. கே-யில தொடங்கும். இதில நிண்டு நான் அதைச் சொல்லேலாது, பிள்ளை. பக்கத்தில ஆமிக்காரர் துவக்கோட நிக்கினம்."

அந்தச் சொல்லுக்குப் பொருள் 'கொல்' என்பது. விளங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அவருக்காகப் பயமும் வந்தது. போனை வைத்துவிட்டு அதை அடித்தேன், பழைய கோப்பையும் திருப்பி வைத்தேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் எல்லாக் கட்டளைகளும் திரும்பி வந்தன. பரீட்சை நேரத்துக்குத் தொடங்கியது.

ஒரு மணிக்கு அண்ணர் வந்தார். நான் குற்ற உணர்வோடு வாங்கி வைத்திருந்த ரோல்ஸில் இரண்டை எடுத்துச் சாப்பிட்டார்.

"ஆமிக்காரன் ஏதும் கேட்டானா அண்ணே?"

"கேட்டவன். ஆரோட கதைச்சனீ எண்டான். கொம்பியூட்டர் வகுப்பு எண்டன். கலகெதரையில தன்ர தங்கச்சி சும்மா இருக்கிறாவாம், இடமிருக்கோ எண்டான். விலாசம் எழுதிக் குடுத்தன்."

அடுத்த மாதம் அந்தப் பெண் உண்மையாகவே வந்து சேர்ந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களமும் அரைகுறை. அந்த வகுப்பில் அவளளவு வேகமாகத் தட்டச்சு செய்தவர் வேறு யாருமில்லை.