எண்ணாக மாறாத தேதி

மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணினிப் பதிவு என் வேலை. கர்ப்பிணிகளின் பெயர், ஊர், பிரசவ தேதி எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கும். வாரம் ஒருமுறை, அடுத்த பத்து நாளுக்குள் தேதி உள்ளவர்களைப் பிரித்தெடுத்து நர்ஸக்காவிடம் கொடுப்பேன். அவர் போன் செய்வார், ஜீப் போய் அழைத்து வரும். பஸ் எட்டாத ஊர்களில் வலி வந்தபின் கிளம்பினால் நேரம் போதாது.

அன்று காலை ஆபீஸ் கம்ப்யூட்டர் உயிர்விட்டது. டாக்டர் தன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனார். ஷீட்டில் ஒரு செல்லை, அதாவது கட்டத்தை, திருத்த எஃப் டூ அழுத்தினால் அந்த லேப்டாப்பில் திரை மங்கியது. தேதிகளில் நாளுக்கு முன்னால் மாதம் நின்றது. அதை மாற்ற கன்ட்ரோலோடு ஒன்றாம் எண் விசையை அழுத்தப் போனேன். சின்ன விசைகள், விரல் பக்கத்து விசையில் விழுந்தது. தேதிகள் எல்லாம் ஐந்திலக்க எண்களாகிவிட்டன. பழக்கதோஷத்தில் சேமித்தும் தொலைத்தேன். மூடித் திறந்தாலும் அதே எண்கள்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். நர்ஸக்கா போனோடு வந்து நின்றார்.

"இன்னாமா, லிஸ்ட் எங்க?"

"தேதியெல்லாம் நம்பரா ஆயிட்ச்சிக்கா."

"நம்பர வெச்சி நான் இன்னா பண்றது? ஜீப் நிக்குது பாரு."

உட்கார முடியாமல் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கணினி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை எண் வைத்திருக்கும் என்று எப்போதோ வகுப்பில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலி செல்லில் இன்றைய தேதியைப் போட்டேன், அதுவும் எண்ணானது. அதோடு பத்தைக் கூட்டி, அதற்குள் எண் வரும் பெயர்களை மேலிருந்து வாசித்தேன். நர்ஸக்கா நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாதியில் நின்றுவிட்டேன். ஒரு வரியில் மட்டும் தேதி தேதியாகவே இருந்தது. இந்த மாதம் பதினெட்டு. அதற்கு இன்னும் ஐந்தே நாள்.

அந்த வரியைப் பதிந்தது நான்தான், ஒரு முகாமில், இதேபோல் மாதம் முன்னால் நிற்கும் வேறொரு லேப்டாப்பில். நான் பழக்கத்தில் நாளின் எண்ணை முன்னால் அடித்திருக்கிறேன். பதினெட்டாவது மாதம் ஏது? கணினி அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எந்த வாரம் பிரித்தாலும் அந்தப் பெண் பட்டியலில் வந்திருக்கவே மாட்டாள்.

நர்ஸக்கா உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"இன்னிக்கே வந்துடும்மா, ஜீப் வருது."

"பையெல்லாம் கட்டி வெச்சினுதான் கீறேங்க. எப்ப கூப்புடுவீங்கன்னு பாத்துனே இருந்தேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. ஜீப் கிளம்பியதும் அந்த முகாமில் பதிந்த மற்ற இரண்டு பெயர்களையும் முகாம் நோட்டோடு ஒப்பிட்டேன். இரண்டு பேருக்கும் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. நல்லவேளை, இருவருக்கும் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

சாயங்காலம் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். மூன்றாம் நாளே பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்தேன்.

இப்போது எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் முதலில் ஒரு செல்லில் பதினெட்டாம் தேதியை, நாளின் எண்ணை முன்னால் வைத்து, அடித்துப் பார்க்கிறேன். அது வலப்பக்கம் ஒதுங்கினால் தேதி, இடப்பக்கம் நின்றால் வெறும் எழுத்து. ஒதுங்குகிற வரை எனக்கு நிம்மதி இல்லை.