புருவத்தில் ஒரு ஓம்

“சயன்ஸ் படிச்சு என்ன கண்டனி? கடைசியில போத்தில் கழுவத்தானே விடுவாங்கள்.”

மெல்பேர்னின் வடக்கே, கிரெய்கிபர்னில் ஒரு பிறந்தநாள் விழாவில், கையில் கேக் தட்டோடு ஒரு அன்ரி என்னிடம் சொன்னது இது. என் அப்பாவும் அம்மாவும் இலங்கையில், சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு நின்றிருந்த எனக்கு அன்ரியின் சொல் சுட்டது. பாதி உண்மை என்பதால் இன்னும் சுட்டது. மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. உப்பு அளப்பேன், நுண்ணோக்கியில் பார்ப்பேன், போத்தலும் கழுவுவேன்.

நான் ஆசைப்பட்டது ஏரிக்கு. மேற்கிலிருந்து நகரத்துக்குள் போகும் பெரிய பாலத்தின் கீழே ஒரு உப்பு ஏரி இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றி, உப்புக் கூடி, ஒரு நாள் பார்த்தால் ஏரி முழுக்க ரோஸ் நிறம். யாரும் சாயம் கலப்பதில்லை. உப்பையும் வெயிலையும் தாங்குவதற்காக ஒரு நுண்பாசி, கரட் கிழங்கில் இருக்கும் அதே நிறப்பொருளைத் தன் உடம்புக்குள் சேர்த்துக்கொள்கிறது. மழை வந்து உப்புக் குறைந்ததும் நிறம் போய்விடும். கோடை முழுவதும் ஏரிக்குப் போய்த் தண்ணீர் எடுக்க எங்கள் கூடத்திலிருந்து ஒருவரை அனுப்பப் போவதாக மேலாளர் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

அந்த இடம் என் பக்கத்து மேசைக்காரிக்குப் போனது.

அவள் மணிலாவிலிருந்து வந்தவள். என் வயதுதான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், பார்சல் கொண்டுவருபவர் உட்பட அந்த வழியால் போகும் எல்லோரையும் “வா, சாப்பிடு” என்று கூப்பிடுவாள். வடிதாள் எங்கே என்று கேட்டால் கையை நீட்ட மாட்டாள். உதட்டைக் குவித்து அலுமாரிப் பக்கம் காட்டுவாள். எங்கள் ஆட்கள் அப்படிச் சொண்டை நீட்டினால் அது நெளிப்பு, ஆளைப் பழித்துக் காட்டுவது. தொடக்கத்தில் அவள் என்னை நெளிக்கிறாள் என்றே நினைத்து முகத்தைத் திருப்பினேன். கொஞ்ச நாளில் பார்த்தால், கூடத்தில் எல்லோரும் உதட்டால் திசை காட்டுகிறார்கள், மேலாளர் உட்பட. அவளுக்கு முன்பே அங்கே வந்தவள் நான். என்னுடைய எந்தப் பழக்கமும் ஒருவருக்கும் தொற்றவில்லை.

ஏரிக்குப் போக யாருக்கு விருப்பம் என்று கேட்டுவரும்படி மேலாளர் அவளிடம்தான் சொல்லியிருந்தார். அவள் சாப்பாட்டு மேசையில் வைத்து என்னைக் கேட்டாள். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில்தான். என் நினைவில் அது தமிழாகவே தங்கியிருக்கிறது.

“கோடைக்கு ஏரிக்குப் போக உனக்கு விருப்பமோ?”

வாயில் சோறு இருந்தது. சந்தோசத்தில் தலையை நன்றாக ஆட்டினேன். விழுங்கிவிட்டு, “உனக்கும் விருப்பமோ?” என்றேன். அவள் புருவத்தை உயர்த்தினாள். கேட்கவில்லையாக்கும் என்று உரத்து இன்னொரு முறை கேட்டேன். புருவம் மறுபடியும் மேலே போனது. சொல்ல விருப்பமில்லை என்றால் விடு என்று எழும்பிப் போனேன்.

அடுத்த கிழமை அவள் ரப்பர் சப்பாத்தோடு கூடத்தின் வான் வண்டியில் ஏறி ஏரிக்குப் போனாள்.

அவள் கொண்டுவந்த போத்தல்கள் என் மேசைக்கு வந்தன. நுண்ணோக்கியில் அந்தப் பாசி செம்மஞ்சள் மணிகளாக மிதந்தது. அழகாக இருந்ததுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. வெயில் பட்டு அவள் மூக்கில் தோல் உரிந்திருந்தது. அதுகூட என் மூக்கில் உரிந்திருக்க வேண்டியது என்று தோன்றியது.

ஒருநாள் அவள் நூடுல்ஸ் கொண்டுவந்து, “கொஞ்சம் போடவோ?” என்று கேட்டாள். கோபம் அவளோடுதான், நூடுல்ஸோடு இல்லை. தலையாட்டினேன். அவள் பெட்டியை மூடிவிட்டாள்.

“ஏன் மூடுறாய்? ஓம் எண்டுதானே சொன்னனான்.”

“இல்லை எண்டெல்லோ ஆட்டினாய்.”

“இதுதான் எங்கட ஓம்,” என்று தலையை மறுபடி இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினேன். அவள் என் தலையையே பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப ஏரிக்கும் ஓமோ?”

“ஓம். நீதான் நான் கேட்க முழிசிக்கொண்டு இருந்தனி.”

அவள் புருவத்தை உயர்த்தினாள். “இதுதான் எங்கட ஓம். ரெண்டு தரம் சொன்னனான்.”

எனக்கு விருப்பமில்லை என்று மேலாளரிடம் அவள் சொன்னது இப்படித்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், நூடுல்ஸும் சாப்பிட்டேன். அதோடு பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஏரி இன்னும் அவளிடம்தான் இருந்தது.

அன்று மாலை டார்னெய்ட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டியபடி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“அம்மா, இப்ப நீங்கள் ஓம் எண்டுறியளோ, இல்லை எண்டுறியளோ?”

“ஓம் எண்டுதான். கண் தெரியேல்லையோ உனக்கு?”

மறுநாள் மேலாளரின் அறைக்குப் போனேன். கழுத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஏரிக்குப் போக விருப்பம் என்று வாயால் சொன்னேன். இந்தக் கோடைக்கு ஆள் எடுத்தாயிற்று என்றார். மழைக்காலத்தில் நிறம் எப்படிப் போகிறது என்று பார்க்க இன்னொரு அணி போகும், அப்போது தண்ணீர் கூடியிருக்கும், சின்னப் படகில் போக வேண்டும் என்றார். “உனக்கு நீந்தத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. பக்கத்து மேசைக்காரிக்குத் தெரியும். “நான் தீவில பிறந்தனான், தெரியாமல் என்ன?” என்றாள். நானும் தீவில் பிறந்தவள்தான்.

அந்தக் கிழமையே நீச்சல் தடாகத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். நேற்று, பிடித்திருந்த மிதவைப் பலகையை விட்டுவிட்டு, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போக, மறுகரையைத் தொட்டேன்.