ஹாரன் அடிக்காமல் கிளம்பிய கார்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் முப்பது வருடமாக ஆவணங்களைச் சரிபார்க்கிற வேலை. கன்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். வீட்டிலும் அதே பழக்கம்தான். எழுந்த நேரம், கார் ஓடிய கிலோமீட்டர், மழை பெய்ததா இல்லையா, எல்லாம் அன்றன்றைக்கு நாட்குறிப்பில் ஏறிவிடும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இங்கே வருகிற நேரங்கள் எதுவும் ஞாபகத்திலிருந்து சொல்பவை அல்ல, எழுதி வைத்ததைப் பார்த்துச் சொல்பவை. நம்புங்கள் என்று கேட்க மாட்டேன். பாதி நாள் நானே நம்புவதில்லை.

என் கார் வெள்ளை நிறச் சின்னக் கார், இருபத்து நான்கு வயது. அதன் செல்ஃப் மோட்டார் சில வருடங்களாகவே மக்கர். சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எஞ்சின் சுற்றாது. கார்பன் பிரஷ் இரண்டு முறை மாற்றியாயிற்று. ஆனால் ஒருவர் காருக்கு அடியில் படுத்து அந்த மோட்டாரின் தலையில் சரியான இடத்தில் தட்டினால், அந்த நேரம் பார்த்து இன்னொருவர் சாவியைத் திருகினால், பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் தட்டுகிற ஆள் என் மச்சான் சேவியர், தங்கை ரெஜினாவின் கணவர். பெரியதாழைக்காரர், சங்கு குளிக்கிறவர்.

அவர் தட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. அந்த மூன்றாவது தட்டில் நான் சாவியைத் திருக வேண்டும். எஞ்சின் பிடித்ததும் ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். அதைக் கேட்டபிறகுதான் அவர் வெளியே வருவார். வந்து பானெட்டின் மீது உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார், ஆள் வெளியே வந்தாயிற்று, இனி வண்டியை எடுக்கலாம் என்று அர்த்தம். கடலுக்கடியில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு, மேலே கயிறு பிடிக்கிறவனின் சைகை இல்லாமல் எதுவும் கிடையாது. அதை அப்படியே என் காருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"நீரு ஹாரன் அடிக்காட்டி நான் கீழயே கெடப்பேன், பாத்துக்கிடும் மச்சான். ஒம்ம தங்கச்சி தாலி ஒம்ம கையிலதான் இருக்கு" என்பார்.

"அத அறுத்து வித்து செல்ஃப மாத்துங்க மொதல்ல" என்பாள் ரெஜினா.

அவருடைய சொந்த விஷயத்தில் அந்தச் சைகை வரவில்லை. ஒருநாள் வள்ளத்தில் காற்று அனுப்புகிற கம்ப்ரஸர் நின்றுபோய், கயிறு பிடித்திருந்தவன் அதைக் கவனிக்காமல், மூச்சு முட்டி இவரே ஆழத்திலிருந்து விறுவிறுவென்று ஏறி வந்துவிட்டார். அப்படி வரக்கூடாது, ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பை அடித்துவிடும். அன்று சாயங்காலமே இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. எட்டு மாதம் படுக்கை. படுக்கைப்புண், காய்ச்சல், கடைசியாக மூச்சிரைப்பு.

அந்த எட்டு மாதமும் என் காரைத் தட்ட ஆள் இல்லை. தெருக்காரர்கள் தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தேன். மெக்கானிக் புது மோட்டார் போடச் சொல்லிவிட்டார். என் நாட்குறிப்பில் 'செல்ஃப் மோட்டார், அடுத்த வாரம்' என்று பதினொரு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

போன வருடத் தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மாலையே பெரியதாழைக்குப் போயிருந்தேன். காலையில் மச்சானுக்கு மூச்சு மோசமாகி, உள்ளூர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தூத்துக்குடிக்குக் கொண்டு போங்க, நிக்காதீங்க" என்று சொன்னார். பின் சீட்டில் ரெஜினாவின் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்தோம். பக்கத்து வீட்டு ராயப்பனும் இன்னும் மூன்று பேரும் தள்ளிவிட, கார் கிளம்பியது. பகல் 12.05. தூத்துக்குடி போய்ச் சேரும்வரை எஞ்சினை அணைக்கக் கூடாது என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

ஏழாவது கிலோமீட்டரில் ஒரு குருசடி உண்டு. ரோட்டோரத்தில் ஆளுயரக் கல் சிலுவையும் அதற்கு மேலே ஒரு சின்னக் கூரையும், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் மச்சான் கையை அசைத்தார்.

"நிப்பாட்டும் மச்சான். ஒரு நிமிஷம்."

கடலுக்குப் போகும்போதெல்லாம் அங்கே நின்று கும்பிட்டுப் போகிறவர். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தார் ரோட்டை விட்டு இறக்கி, செம்மணலில் சிலுவைக்கு நேராக நிறுத்தினேன். நிறுத்தினதோடு என் கை சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தது. குருசடி முன்னால் சத்தம் போடக் கூடாது என்று சின்ன வயதில் சைக்கிள் மணியைக்கூட அடிக்க விடமாட்டார் அப்பா. நாற்பது வருடப் பழக்கம். சத்தம் நின்ற பிறகுதான் செய்தது உறைத்தது. மணி 12.16.

"அண்ணே, ஆஃப் பண்ணிட்டியா?" என்றாள் ரெஜினா.

சாவியைத் திருகினேன். டக். மறுபடி திருகினேன். டக்.

இறங்கித் தள்ளிப் பார்த்தேன். டயர் மணலில் இறங்கியிருந்தது, ஒரு சாண்கூட நகரவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன், வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கிறது, வர ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ராயப்பனுக்குப் போட்டேன். "இந்தா பைக்க எடுத்துட்டு வாரோம்ணே, அங்கனயே நில்லுங்க" என்றான். ரோட்டில் ஒரு மீன் வண்டி வந்தது. கையைக் காட்டினேன், நிற்காமல் போய்விட்டது. அப்புறம் ரோடு காலி. உச்சி வெயில், இரண்டு பக்கமும் பனைமரம்.

வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே தட்டிப் பார்க்கலாம் என்று போனேன். ரெஜினாவை முன்பக்கம் வந்து சாவியைத் திருகச் சொன்னேன். என் உடம்புக்குக் காருக்கு அடியில் படுக்க முடியாது. முட்டி போட்டுக் கையை மட்டும் உள்ளே நீட்டி, எட்டினதைத் தட்டினேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை அவர் தட்டியபோது ஒருநாள்கூட குனிந்து பார்த்ததில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. ஸ்பேனரைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு நான் மறுபடி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ரெஜினா பின்னால் போய் அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் சும்மா சாவியைத் திருகிக்கொண்டே இருந்தேன். டக். டக். பேட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது. ஆக, முடிந்தது என்று நினைத்து ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டது. காருக்கு அடியில், என் காலுக்கு முன்னால், இரும்பில் இரும்பு படுகிற சத்தம். இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை ஓடியிருக்காது. மூன்றாவது தட்டில் சாவியைத் திருகினேன். எஞ்சின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. மணி 12.34. அதை டேஷ்போர்டு கடிகாரத்தில் பார்த்தேன், அந்த நேரத்திலும் பார்த்தேன்.

முதல் கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் அணைந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. கார் மணலிலிருந்து எழும்பியது. பின் சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. மணல் திட்டு என்று நினைத்துக்கொண்டு தார் ரோட்டில் ஏற்றி விரட்டினேன். ரெஜினா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலை அடைந்தது 1.52. எஞ்சினை அணைக்காமலே அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் அவர் இமையை விலக்கிப் பார்த்து, கையைத் தொட்டுப் பார்த்து, "வழியிலேயே முடிஞ்சிருச்சுங்க. நேரமாச்சு" என்றார். நான் அவரிடம் 12.34, 12.34 என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது நினைவில் இல்லை.

ராயப்பன் அன்று மாலையே ஊரிலிருந்து வந்துவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாங்க குருசடிக்கு வந்தோம்ணே. பாத்தா நீங்க இல்ல. சரி, எப்படியோ கெளம்பிட்டாருன்னு நிம்மதியா இருந்துச்சு" என்றான். பிறகு, "நீங்களா அடியில படுத்துத் தட்டுனீங்க?" என்று கேட்டான்.

"இல்லடே. முட்டி போட்டேன்."

"வண்டி நின்ன எடத்துல ஆளு மல்லாக்கப் படுத்த தடம் இருந்துச்சு. தல, முதுகு, முழங்கை ஊணுன குழி, எல்லாம் தெளிவா. காலு மட்டும் சும்மா இழுத்துப் போட்ட மாதிரி ரெண்டு கோடு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "டயர் தடம் அது மேலயேதாம்ணே போயிருந்துச்சு" என்றான்.

காற்றில் மணல் அப்படி விழுந்திருக்கும் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினான். அப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

மறுநாள் பெரியதாழையில் அடக்கம். எல்லாரும் போனபிறகு ரெஜினா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"நீ ஸ்டீயரிங்ல தலைய சாச்சியே, அப்பவே அவரு கை விட்டுப்போச்சு, மூச்சு நின்னுருச்சுண்ணே. சொன்னா நீ அப்படியே உக்காந்துருவன்னுதான் சொல்லல."

"ஏளா, நீ ஏதும் சத்தம் கேட்டியா?"

"கேட்டேன். எனக்குத் தெரியாதா அது யாரு தட்டுன்னு?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மிக மெதுவாகக் கேட்டாள். "ஹாரன் அடிச்சியாண்ணே?"

"அடிச்சேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் காருக்குள்தான் இருந்தாள். இருந்தும், "சரி" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

அன்று இரவு நாட்குறிப்பில் 12.34க்கு நேராக 'எஞ்சின் பிடித்தது, ஹாரன் அடித்தேன்' என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் நான் தெரிந்தே பொய்யாக எழுதிய வரி அது ஒன்றுதான்.

அந்த வாரமே புது செல்ஃப் மோட்டார் போட்டாயிற்று. மெக்கானிக் பழையதைக் கழற்றித் துணியால் துடைத்து, அதன் தலையில் புதிதாகப் பளபளவென்று இருந்த மூன்று புள்ளிகளைக் காட்டினார். "யாரு அண்ணாச்சி தட்டுனது? ஒட்டி ஒட்டி மூணும் விழுந்திருக்கு. தெரிஞ்ச ஆளு" என்றார். அதை வாங்கி வந்து செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இப்போது சாவியைத் தொட்டாலே கார் கிளம்பிவிடுகிறது. அடியில் எந்தச் சத்தமும் கேட்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கிளம்பியதும் ஒரு ஹாரன் அடிக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை சண்டைக்கு வந்துவிட்டார். மாதம் ஒருமுறை அந்தக் குருசடிக்கும் போகிறேன். அதே இடத்தில், சிலுவைக்கு நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மறுபடி கிளப்பி, ஹாரன் அடிக்கிறேன். கியரைப் போடாமல் காத்திருக்கிறேன். பதினான்கு முறை ஆகிவிட்டது.

பானெட்டின் மீது அந்த ஒரு தட்டு இன்னும் விழவில்லை.