கேட்காத ஜால்ரா

செனாய் நகரத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்து நான்கு வருடமாக இரும்புத் தகடு அடிக்கும் இயந்திரத்தில் நிற்பவர் லோகேஸ்வரன். ஒரு சனிக்கிழமை மனைவி யோகேஸ்வரியோடு தங்காக் நகருக்குச் சேலை வாங்கக் காரில் புறப்பட்டார். வழியில், மூவார் நகரில் பழைய இசைத்தட்டுகள் வைத்திருந்த சின்ன இசை அருங்காட்சியகத்தைப் பார்த்து இறங்கினார்கள்.

அங்கே ஒரு பஜனைப் பதிவை ஹெட்போனில் கேட்ட யோகேஸ்வரி, "ஜால்ரா எவ்ளோ கணீர்னு இருக்கு, கேட்டுப் பாருங்க!" என்று அவரிடம் நீட்டினாள்.

அவருக்கு மிருதங்கம் மட்டும்தான் கேட்டது. ஹெட்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். ஜால்ரா இல்லை. வீட்டில் குருவிச் சத்தம் கேட்டும் பல மாதமாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

காரைச் சாலைக்குத் திருப்பியபோது யோகேஸ்வரி அலறினாள். ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனது.

"அவ்ளோ நேரம் ஹார்ன் அடிச்சான்லா! கேக்கலியா?"

அவர் காரை ஓரங்கட்டினார். "கேக்கல யோகா. உள்ள அந்த ஜால்ராவும் கேக்கல."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு நேரே கிளினிக்குக்கு ஓட்டினாள். இயந்திர இரைச்சலில் போன செவித்திறன் திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்ற அந்த வேலையை விடுங்கள் என்றார் டாக்டர். லோகேஸ்வரன் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அதே இயந்திரத்தை முடுக்கினார்.