நல்ல தண்ணீர்த் தொட்டியில் முத்துச் சிப்பி

1. மூன்றாம் முறை

மூன்றாவது முறையும் தொட்டியில் செடிகள் அழுகிவிட்டன. காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் அம்பூலியாவின் தண்டுகள் அடியில் கரைந்து, மேல்பாதி தனியாக மிதந்துகொண்டிருந்தது. ஹைட்ரில்லா சாகவில்லை. ஆனால் இலை முழுக்க வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரில் வாய்க்காலில் வேண்டாம் வேண்டாம் என்று பிடுங்கிப் போடும் செடி, இங்கே நான் தாங்கித் தாங்கி வளர்த்தும் சாகிறதே என்று.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியில் ஒரு மீன் ஆராய்ச்சி ஆபீசில் லேப் அட்டெண்டராகச் சேர்ந்திருந்தேன். ஆறு மாத டெம்பரரி. பொதுமக்கள் பார்க்கிற மாதிரி ஒரு காட்சிக்கூடம் திறக்க ஏற்பாடு நடந்தது. மொத்தம் ஏழு தொட்டி. ஆறில் கடல் தண்ணீர், ஏழாவதில் மட்டும் நல்ல தண்ணீர். ஆபீசில் எல்லோரும் கடலைக் கரைத்துக் குடித்தவர்கள். நான் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காட்டுக்காரி. “ஆத்துத் தண்ணி உனக்குத்தான் தெரியும்” என்று ஏழாவதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சூப்பிரண்டெண்ட் தனபால் சார் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா செண்பகம், மறுபடியும் போச்சா?”

“இன்னொரு தடவை நட்டுப் பாக்கேன் சார்.”

“எத்தனை தடவை? கப்பல்ல இன்ஜினீயரா இருக்கிற என் ஃப்ரெண்டு சிங்கப்பூர்லேருந்து பிளாஸ்டிக் செடி கொண்டாந்து குடுத்திருக்கான். பச்சைப் பசேல்னு இருக்கு. ஓப்பனிங்குக்கு அதை வச்சிடலாம்.”

“அப்போ எனக்கு என்ன வேலை சார்?”

அவர் கொஞ்சம் தயங்கினார். கெட்ட மனுஷர் இல்லை. “உன் போஸ்டே லைவ் பிளான்ட் மெயின்டெனன்ஸுன்னு காட்டித்தான் வாங்கினோம். செடி இல்லைன்னா எக்ஸ்டென்ஷன் கேட்டு நான் என்னன்னு எழுதறது?”

திறப்பு விழாவுக்கு இருபது நாள் இருந்தது. என் ஆறு மாதமும் அதே வாரத்தில்தான் முடிகிறது. வீட்டில் அப்பா படுக்கையில். என் சம்பளத்தை விட்டால் வேறு வழி கிடையாது. பிளாஸ்டிக் செடியிடம் தோற்பதில்லை என்று அன்றைக்கு முடிவுகட்டினேன்.

2. நாக்கை நம்பியது

தொட்டி அமைத்த கதையைச் சொல்கிறேன். சேவியர் அண்ணாச்சி எங்கள் ஆபீஸ் படகை ஓட்டுபவர். தொட்டிக்கு மண் வேண்டும் என்றதும் நாலு சாக்கு கடல்மணல் கொண்டுவந்து இறக்கினார். “எங்க தெரு முன்னால உள்ள மணலு தங்கச்சி. இதவிடச் சுத்தமான மண்ணு ஒலகத்துல எங்கன கெடைக்கும்?” என்றார். மணல் அப்படித்தான் இருந்தது, வெள்ளை வெளேரென்று.

கடல்மணல் என்றால் உப்பு இருக்குமே. பன்னிரண்டு முறை கழுவினோம். கழுவிய தண்ணீரை ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தோம். தூத்துக்குடியில் தண்ணீர் என்றால் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எந்தக் கிணறு குடிக்க ஆகும், எது துவைக்க மட்டும் ஆகும் என்பதை நாக்குதான் தீர்ப்புச் சொல்லும். பன்னிரண்டாவது முறை அண்ணாச்சி நாக்கைச் சப்புக்கொட்டி, “ஒரு பொட்டு உப்பு இல்ல. பாயசம் வைக்கலாம்” என்றார். நானும் நக்கிப் பார்த்தேன். ருசியே இல்லை. நம்பிவிட்டேன்.

அதன் மேல் தனபால் சார் தன் கையாலேயே இரண்டு டஜன் முத்துச் சிப்பி ஓடுகளைப் பொறுக்கி வந்து அடுக்கினார். “முத்துக் குளிச்ச ஊரு. இது இல்லாம என்ன எக்ஸிபிட்?” என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

செடி செத்ததும் நான் சந்தேகப்படாதது எதுவும் இல்லை. வெளிச்சம் போதவில்லை என்று டியூப் லைட்டை இறக்கினேன். மீன் கடிக்கிறது என்று மீனை எடுத்தேன். தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். ஆனால் எங்கள் குழாயில் வருவதே தாமிரபரணித் தண்ணீர்தான். கடைசியில் செடியையே குற்றம் சொல்லி, ஊருக்குப் போய்ப் புதுச்செடி எடுத்து வந்தேன்.

அந்த அலைச்சலில் செடி பொறுக்கப் பழகினேன், அது வீண்போகவில்லை. ஓடுகிற தண்ணீரில் வளர்ந்ததை எடுக்கக் கூடாது, தொட்டியில் நிற்காது. மதகுக்குப் பக்கத்தில் தேங்கி நிற்கிற இடத்தில் எடுக்க வேண்டும். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும், கறுத்திருந்தால் விட்டுவிட வேண்டும். இலைக்கு அடியில் பசை மாதிரி ஒட்டியிருப்பது நத்தை முட்டை. படிகாரத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, நன்றாக அலசி எடுத்துவிட வேண்டும். நாடா மாதிரி இலை விடுகிற வாலிஸ்னேரியாவை நடும்போது வேர் மட்டும்தான் மண்ணுக்குள். இலை கிளம்புகிற குருத்தை மூடினால் அழுகிவிடும். இதெல்லாம் சரியாகச் செய்தும் மூன்று முறை சாகக் கொடுத்தேன்.

3. நுரை

என் இன்னொரு வேலை சிப்பி கழுவுவது. ஆராய்ச்சிக்கு வருகிற சிப்பி ஓடுகளில் ஒட்டியிருக்கும் பாசியையும் பொருக்கையும் எடுக்க டைலூட் ஆசிட்டில் முக்கி எடுக்க வேண்டும். முக்கினால் சுர்ரென்று நுரைக்கும். ஓட்டில் இருக்கிற சுண்ணாம்பு கரைகிறது என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் அப்படி முக்கி எடுக்கும்போது சொட்டு சிந்தி, கீழே மிச்சம் வைத்திருந்த மணல் வாளியில் விழுந்தது. மணல் நுரைத்தது.

இன்னும் இரண்டு சொட்டு வேண்டுமென்றே விட்டேன். பொங்கியது. ஒரு கை மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாதி மணலே இல்லை, பொடிந்த சிப்பி. அந்தக் கரையில் அலை காலங்காலமாக அரைத்துப் போட்ட சிப்பித்தூள். நாங்கள் கழுவிப் போக்கியது உப்பை. சுண்ணாம்பு அங்கேயே இருந்தது. அதற்கு நாக்கில் ருசி கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டிருந்தது. அம்பூலியாவுக்கு அது ஆகாது. ஹைட்ரில்லாவின் இலையில் படிந்த வெள்ளையும் அதுதான்.

காலையில் சிப்பியில் ஆசிட் ஊற்றி நுரை பார்க்கிறவள், மத்தியானம் அதே சிப்பியின் பக்கத்தில் செடியை நட்டுவிட்டு, ஏன் சாகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

4. இரண்டு ஜாடி

சொன்னால் சார் நம்பமாட்டார் என்று தெரியும். ஊருக்குப் போய் ஆற்றுமணல் கொண்டுவந்தேன். முதலில் ஆசிட் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. இரண்டு கண்ணாடி ஜாடி எடுத்து, ஒன்றில் கடல்மணலும் சிப்பியும், இன்னொன்றில் ஆற்றுமணல். ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே ஜன்னல், ஒரே கொத்திலிருந்து எடுத்த செடி.

ஒன்பதாம் நாள் வித்தியாசம் யாருக்கும் தெரிகிற அளவுக்கு இருந்தது. கடல்மணல் ஜாடியில் செடி கரைய ஆரம்பித்திருந்தது, ஆற்றுமணல் ஜாடியில் புதுக்குருத்து விட்டிருந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் சாரின் மேஜையில் வைத்தேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். “சரி, ஒத்துக்கறேன். ஆனா சிப்பியை எடுக்க முடியாது. திறக்க வர்ற ஆபீசருக்கு அனுப்பின ப்ரோக்ராம்லயே முத்துச் சிப்பின்னு போட்டாச்சு. செடியை எடுத்துட்டு பிளாஸ்டிக்கை வை.”

“சார், செடி நல்லா இருக்குல்லா?”

“ஜாடியில நல்லா இருக்கு. விழாவுக்கு இருக்கிற நாலு நாள்ல தொட்டி முழுக்க மாத்தி, அதுவும் சரியா வரலைன்னா யார் பதில் சொல்றது? போம்மா.”

போனேன். ஆனால் பிளாஸ்டிக் செடிப் பெட்டியை நான் திறக்கவில்லை.

5. ஞாயிற்றுக்கிழமை

சேவியர் அண்ணாச்சியிடம் சொன்னபோது அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஏளா, எங்க மணலு விசம்னு சொல்லுதியா?”

“விசம் இல்ல அண்ணாச்சி. கடலுக்கு அது நல்ல மண்ணு. ஆத்துச் செடிக்கு ஒத்துக்கிடாது, அவ்வளவுதான்.”

வாளியிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தார். பிறகு, “நா கொண்டாந்து போட்டத நாந்தான் அள்ளணும். வேற எவனும் தொடப்படாது” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தார், வெள்ளைச் சட்டையோடு.

அன்றைக்கு முழுக்க அள்ளினோம். தொட்டியைத் துடைத்து, ஆற்றுமணல் பரப்பி, தட்டு வைத்து அதன் மேல் தண்ணீரை ஊற்றினோம். நேராக ஊற்றினால் மணல் குழிந்துவிடும். பின்வரிசையில் வாலிஸ்னேரியா, மூலைகளில் அம்பூலியா, ஹைட்ரில்லா கொஞ்சமாக. நெருக்கி நடாமல் விரலிடை விட்டு நட்டேன். சிப்பிகளைக் கழுவித் துடைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் துணி விரித்து அடுக்கினேன்.

திங்கட்கிழமை சார் வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “யாரைக் கேட்டு எடுத்தே?”

“திரும்பக் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லிருப்பிய சார்.”

அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். விழா வரை மூன்று நாளும் என்னோடு பேசவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தொட்டியைப் பார்ப்பேன். செடியைத் தொட மாட்டேன். நட்ட செடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால் வேர் பிடிக்காது. அந்த மூன்று நாளில் நான் செய்த பெரிய வேலை கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான்.

6. இரண்டு காகிதம்

விழா அன்று ஆபீசர் வந்தார். சிப்பிப் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். ஏழாம் தொட்டிக்கு வந்ததும் நின்றார். பத்துமணி வெயில் ஜன்னல் வழியாக விழுந்து, இலைகளிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தன. “இதுக்கு பம்ப் எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

தனபால் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “பம்ப் இல்லை சார். லைவ் பிளான்ட்ஸ். அதுவே ஆக்சிஜன் விடுது” என்றார். குரலில் பெருமை இருந்தது. நான் கடைசி வரிசையில் நின்றேன். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

இத்தனை வருஷத்தில் என்னிடம் தொட்டி வைக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். செடி செத்தால் செடியைத் திட்டாதீர்கள். தொட்டியில் நீங்கள் ரொம்பப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தது எதுவோ, அதை முதலில் சந்தேகப்படுங்கள்.

விழா முடிந்த மறுநாள் சார் கூப்பிட்டு மேஜையில் இரண்டு காகிதத்தை வைத்தார். ஒன்று, அனுமதியில்லாமல் காட்சிப் பொருளை இடம் மாற்றியதற்கு விளக்கம் கேட்டு மெமோ. இன்னொன்று, என் பணியை ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி அவர் எழுதிய சிபாரிசு.

எனக்குப் புரியவில்லை. “ரெண்டும் எப்படி சார் ஒண்ணா?”

“நாளையோட உன் டெம்பரரி முடியுது. வேலையில இல்லாதவளுக்கு மெமோ குடுத்து நான் யார்கிட்ட விளக்கம் கேக்கறது?” என்றார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே. “மெமோவுக்குப் பதிலை நல்லா விவரமா எழுது. ஆசிட், நுரை, ரெண்டு ஜாடி எல்லாம். அடுத்து வர்றவங்களுக்கு ஃபைல்ல இருக்கட்டும்.”

ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.