நாற்பத்தொன்றுக்கு ஒரு விடைத்தாள்

பள்ளிப் பேருந்துகளைக் கவனிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியபோது நான் கம்ப்யூட்டர் டீச்சர். பேருந்து எங்கே போகிறது என்பது கம்ப்யூட்டரில் தெரிகிறது, ஆகவே அது கம்ப்யூட்டர் டீச்சரின் வேலை என்று எங்கள் தாளாளர் முடிவுகட்டிவிட்டார். அவரிடம் வாதாடிப் பயனில்லை. எனக்கும் நாலு பேருந்தை மேய்ப்பது பிடித்துத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஜூனில், ஒவ்வொரு டிரைவருக்கும் எதிரே ஒரு சின்ன கேமரா பொருத்தினார்கள். டிரைவர் தூங்குகிறாரா, போன் பேசுகிறாரா என்று செயற்கை நுண்ணறிவு பார்த்துச் சொல்லும். வாரம் ஒருமுறை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். இலஞ்சி வழியாகப் போகும் பேருந்தின் டிரைவருக்கு நாற்பத்தொன்று வந்தது. சிவப்பு எழுத்தில் அந்த எண் மட்டும்தான், வேறு ஒரு வரி கிடையாது.

"நாப்பத்தொண்ணு வாங்குன ஆளுகிட்ட பிள்ளைகள விட முடியாது. திங்கக்கிழமையிலருந்து வேற டிரைவரப் பாருங்க" என்றார் தாளாளர். அன்று வியாழக்கிழமை.

என் மகள் போவதும் அந்தப் பேருந்தில்தான். மூன்றாம் வகுப்பு. அந்த டிரைவர் அண்ணாச்சியை நம்பித்தான் தினமும் அவளை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டி ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர். கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"டீச்சர், நான் வண்டியில தூங்கவே மாட்டேன். இந்த மிசினு எதப் பாத்து இப்பிடிச் சொல்லுதுன்னு ஒண்ணும் விளங்கல. வீட்டுல என்னன்னு சொல்லுவேன்?"

"அதத்தான் கேக்கப் போறேன் அண்ணாச்சி" என்றேன்.

கேமரா கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், அது ஏஐ எடுக்கற முடிவு. ஏன்னு நாங்களே சொல்ல முடியாது." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "தம்பி, நான் ஒரு பிள்ளைக்கு நாப்பத்தொண்ணு போட்டா பேப்பரத் திருப்பிக் குடுக்கணும். எங்க தப்புன்னு சுழிச்சுக் காட்டணும். இல்லன்னா அம்மா அப்பா வந்து என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க. உங்க மிசினுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? பேப்பர அனுப்புங்க" என்றேன்.

மறுநாள் மதியம் அனுப்பினான். பதிமூன்று துண்டு வீடியோக்கள். ஒவ்வொன்றின் கீழும் இடம், நேரம், கூடவே ஆங்கிலத்தில் சில குறிகள். நான் உட்கார்ந்து அந்தக் குறிகளை அண்ணாச்சிக்குப் புரிகிற தமிழில் எழுதினேன். 'கண் ஒன்றரை நொடி மூடியிருந்தது. தலை கீழே சாய்ந்தது. வலது கை ஸ்டீயரிங்கில் இல்லை. ஆகவே தூக்கம்.' பிறகு அவரைக் கூப்பிட்டு முதல் வீடியோவைப் போட்டேன்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். திடீரென்று சத்தமாகச் சிரித்தார். "ஏ டீச்சர், இது இலஞ்சி முருகன் கோயில்லா! நான் சாமி கும்பிடுதேன். இதப் போய் தூக்கம்னு சொல்லுதே!"

அதேதான். கோயில் திருப்பத்தில் கண்ணை மூடி, தலை குனிந்து, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அடுத்தது தென்காசிக் கோபுரம் தெரியும் இடம். அதற்கடுத்தது ரோட்டோர அம்மன். இப்படியே பன்னிரண்டும் கும்பிடுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாளாளரிடம் என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் வசனமே தயார் செய்துவிட்டேன். கடைசி வீடியோவைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அண்ணாச்சி பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"டீச்சர், இது கோயில் இல்ல."

மறுபடி போட்டேன். சாயங்காலம் நாலேகால் மணி, இலத்தூர் போகும் ரோடு, இரண்டு பக்கமும் வயல். வெளியே சாரல். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. கண் மட்டும் மெதுவாக மூடியது. அவர் தோளுக்குப் பின்னால் முதல் சீட்டில், இரட்டைச் சடையோடு, என் மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பன்னிரண்டு கோயிலைப் பார்த்துக் கும்மாளம் போட்ட என் மேலும் வந்தது.

"அன்னைக்குச் சளி. கடையில கேட்டு ஒரு மாத்திர வாங்கிப் போட்டேன். கண்ணு அசந்தது எனக்கே தெரியல டீச்சர். சத்தியமா தெரியல." திரையை விரலால் தொட்டுக் காட்டினார். "இதயும் அவங்ககிட்ட காட்டுங்க. மறைக்கக் கூடாது."

சனிக்கிழமை காலையில் இருவரும் தாளாளர் முன்னால் நின்றோம். பதிமூன்றையும் போட்டேன். பன்னிரண்டுக்கும் நான் பேசினேன். பதிமூன்றாவதுக்கு அவரே பேசினார். தாளாளர் அந்த ஒன்றை மட்டும் மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"வெறும் நாப்பத்தொண்ணுன்னு உங்கள அனுப்பியிருந்தா, இது யாருக்குமே தெரியாமப் போயிருக்கும்" என்றார் கடைசியில் அண்ணாச்சியிடம். "புதுசா வர்ற ஆளும் சளி மாத்திர போடத்தான செய்வான்?"

அண்ணாச்சி வேலையில் நீடித்தார். மாத்திரை போட்டால் யாரும் வண்டி எடுக்கக் கூடாது, அன்றைய சம்பளமும் பிடிக்கப்படாது என்று நாலு டிரைவர்களுக்கும் சொல்லியாயிற்று. கம்பெனிக்காரர்களை விடாமல் நச்சரித்து, ஒவ்வொரு எச்சரிக்கையின் கீழும் காரணத்தைத் தமிழில் போட வைத்தேன். வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. இப்போது டிரைவர்கள் அந்த மிஷினோடு சரிக்குச் சரி வழக்காடுகிறார்கள், சில நாள் ஜெயிக்கிறார்கள். கோயில் திருப்பத்தில் அண்ணாச்சி இரண்டு கையையும் எடுக்காமல், கண்ணைத் திறந்தபடியே போகிறார். "கண்ண மூடிட்டா சாமிய எப்பிடி டீச்சர் பாக்கது?" என்று என்னையே கேட்கிறார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன். "டீச்சர், காய்ச்ச மாத்திர போட்டிருக்கேன். வேற ஆள அனுப்புங்க." அனுப்பினேன்.

பேருந்தில் ஏறப்போன மகள் புது முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றாள். "டிரைவர் மாமா ஏம்மா வரல?"

"மாத்திர போட்டிருக்காங்க. போட்டா தூக்கம் வரும். நீ உள்ள இருக்கேல்ல, அதான் வரல."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு ஏறி, முதல் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.